கொரியனுக்கு முழுவெழுத்து! தமிழனுக்குத் துண்டெழுத்தா?

நெமிலிச்சேரி என்னும் ஊர்ப்பெயரில் எழுத்து ஆறு. நெ, மி, லி, ச், சே, ரி என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் எண்ணிச் சொல்லும். அப்பெயரையே ஒருங்குறி முறையில் கணிப்பொறியில் பதிந்தாலோ, உள்ளே பதிவாகும் குறிகள் பன்னிரண்டு! ஒவ்வோர் எழுத்தும் உடல் வேறு, உறுப்பு வேறாகப் பிளக்கப்பட்டுக் கிடக்கிறது.

அவ்வூர் வழியே செல்லும் வெளிவட்டச் சாலையில் தெற்கே போய்ப் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால், இருங்காட்டுக்கோட்டையில் கொரியரின் மகிழுந்துத் தொழிற்சாலை நிற்கிறது. அக்கொரியர் தம் தலைநகரின் பெயரைத் தம்மொழியில் ஈரெழுத்தாக எழுதுவர். கணிப்பொறியும் அதனை இரண்டே குறிகளாக ஏற்கும். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

கொரிய மொழியில் முதலொலி 19, நடுவொலி 21, இறுதியொலி 27. இறுதியொலி இல்லா நிலையையும் கூட்டி 28 எனக் கொண்டு பெருக்கினால் 11,172 கூட்டெழுத்துகள். 1991இல் ஒருங்குறி அவற்றுள் 2,350க்கே இடந்தந்தது. கொரியர் அடங்கினரா? 1993இல் அது 6,656 ஆயிற்று. 1996இல் 11,172 எழுத்தும் புத்திடத்தில் வரிசை குலையாமல் அமர்ந்தன. தனியொலிக் குறிகளும் அவர்க்கு உள, முழுவெழுத்துகளும் உள.

தமிழெழுத்தோ 247 மட்டுமே! அதற்கு ஒதுக்கப்பட்டதோ 128 இடங்கொண்ட ஒரு சிறு கட்டம். உயிர் 12, அகரமேறிய உயிர்மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகளுக்கே தனிக்குறி. ஏனைய 216 எழுத்தும் துண்டுகளை ஒட்டியே பிறக்கவேண்டும். மெய்யும் அகரமும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்பது தமிழிலக்கணம். உயிர்மெய்யை முதலாக்கி, அதன்மேல் புள்ளி ஒட்டி மெய்யை ஆக்குவது ஒருங்குறி இலக்கணம்! தாயை மகளாக்கும் தலைகீழ் முறையன்றோ இது?

வரிசையும் குலைந்தது. நகரத்தை அடுத்து னகரம். ரகரத்தை அடுத்து றகரம். வகரத்திற்கு முன்னே ளகரமும் ழகரமும். சகரத்திற்கும் ஞகரத்திற்கும் நடுவே வடவெழுத்தொன்று குந்தியிருக்கிறது. காரணம் வெளிப்படை. 1988இல் தில்லி வார்த்த பொது அச்சில் நாகரியின் அமைப்புக்கேற்ப எல்லா மொழிகளும் திணிக்கப்பட்டன. ஒருங்குறியார் அவ்வச்சையே எடுத்தாண்டனர்.

திரையில் எழுத்துச் சரியாகத்தானே தெரிகிறது என்பர் சிலர். தெரிவது ஒப்பனை; எழுத்தை எண்ணவும் வரிசைப்படுத்தவும் முனைந்தால் உள்ளிருக்கும் சிதைவு வெளிப்படும். அதைச் சரிசெய்யத் தனி நிரல் எழுதவேண்டும். கொரியர் இடம்பெயர்ந்த பின்னர், ஏறிய எழுத்து இனி இடம்பெயராது என்று ஒருங்குறிச் சேர்த்தியம் கதவடைத்துவிட்டது. உரிய காலத்தில் தட்டியவனுக்குத் திறந்தது, உறங்கியவனுக்கு அடைத்தது.

ஆயினும், எழுந்தால் வெல்லலாம். 2010இல் கிரந்தக் குறியாக்கத்துள் எ, ஒ, ழ, ற, ன என்னும் தமிழெழுத்து ஐந்தை இழுத்துச் செல்ல முயன்றபோது தமிழறிஞர் கொதித்தெழுந்தனர், தமிழ்நாட்டரசும் எதிர்த்தது. 2014இல் அவ்வைந்தும் இன்றியே கிரந்தம் குறியேறியது.

அதே 2010 சூனில், 247 எழுத்துக்கும் தனிக்குறி தரும் 16 நுண்மி அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. அதில் நெமிலிச்சேரி ஆறெழுத்து, ஆறே குறி. அரசாணை தாளில் துயிலவா பிறந்தது? அரசின் அகரமுதலியும் ஆவணக் களரியும் பாடநூலும் அம்முறையிலும் பதிவாகுக! தமிழெழுத்தின் உருவைத் தில்லி அச்சு வரையறுத்த காலம் ஒழிக! தமிழன் எழுத்தைத் தமிழனே ஆள்க!