பதிவேட்டைக் காட்டுங்கள்

விலங்குநலக் குழுக்களில் தொண்டாற்ற விரும்பும் நம் வாசக நண்பர்கள் குழுவைத் தேர்ந்தெடுக்கும் விதம் எனக்கு வியப்பளிக்கிறது. நாவலாசிரியனிடம் அத்தனை கறாராக இருப்பவர்கள், மிகையுணர்ச்சியை மூன்றாம் பத்தியிலேயே மோப்பம் பிடித்து நூலை மூடிவைப்பவர்கள், அடிபட்ட நாய்க்குட்டியின் புகைப்படம் ஒன்றைக் கண்டதும் விமர்சன புத்தியை முற்றாகக் கழற்றிவைத்துவிடுகிறார்கள். எந்தக் குழு அதிகம் அழவைக்கிறதோ அதில் சேர்ந்துவிடுகிறார்கள்.

ஒரு குழுவின் தகுதியை அதன் மீட்புக் கதைகளைக் கொண்டு அளக்க முடியாது என்பது என் துணிபு. பதிவேட்டைக் கேளுங்கள். சென்ற மாதம் கொண்டுவந்த நாய் இப்போது எங்கே? இறந்ததெனில் எதனால்? தத்துக் கொடுத்த வீட்டுக்குப் பிறகு யாரேனும் போய்ப் பார்த்தார்களா? இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பவர்களிடம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்காதீர்கள்.

எந்த உயிரையும் திருப்பியனுப்புவதில்லை என்று பெருமை பேசும் காப்பகங்கள்மீதுதான் எனக்கு ஐயம் அதிகம். இடம் நிறைந்த பின்னும் சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? பார்வோ வைரஸ் மலத்தின் வழியே பரவுவது. தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் தங்கக்கூடியது. டிஸ்டெம்பர் தும்மலிலும் இருமலிலும் தாவும். கால் முறிந்து வந்த குட்டி, எலும்பு கூடுவதற்குள் பக்கத்துக் கூண்டின் நோயில் சாகும். புதிதாக வரும் விலங்கைத் தனியே வைக்க இடமற்ற குழு, 'இன்று இயலாது' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வாறு சொல்பவர்களைக் கல்நெஞ்சர் என்று வைவது நம் வழக்கம்.

அடுத்தது கருத்தடை. அதில் சென்னை முன்னோடி நகரம் என்பதை நாம் மறந்துவிட்டோம். இங்கே 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாக அதை 1964-லேயே முன்னெடுத்தது. மாநகராட்சி இசைந்தது 1996-இல்தான். 2001-இல் மத்திய அரசின் விதிகள் வந்தன. 2023-இல் அவற்றின் இடத்தில் புதியவை. அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவிட வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம். (பள்ளி, மருத்துவமனை போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் ஆணையிட்டது, அது தனி விவாதம்.) பிடித்த தெருவை எழுதிவைக்காத குழு நாயை எங்கே கொண்டுவிடும்? அயல் தெருவில் இறக்கிவிடப்பட்ட நாயை அத்தெரு நாய்கள் என்ன செய்யும் என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. கருத்தடையில் அக்கறையே இல்லாமல் குட்டிகளை மட்டும் மீட்டுக்கொண்டிருப்பதோ, ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பது.

தொண்டர்களை அக்குழு எப்படி நடத்துகிறது என்பதையும் பாருங்கள். நாயைத் தொடுமுன் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு வரச் சொல்கிறார்களா? அறிகுறி தோன்றிவிட்டால் அந்நோயிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது. இதைக்கூடச் சொல்லாதவர்கள் ஆர்வத்தின் பேரால் உங்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்.

எழுதுபவர் என்று தெரிந்தால் முதல் நாளே நன்கொடை வேண்டி உருக்கமாக நாலு வரி கேட்பார்கள். கூண்டு கழுவும் வேலையைக் கேளுங்கள். அதெல்லாம் வேண்டாம், வாசகம் போதும் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.