ஈறுக்கு அடியில் ஒளியும் சொத்தை

தூத்துக்குடியிலிருந்து வருகிறவர் கையில் மக்ரூன் பொட்டலம் இல்லாமல் இருக்குமா? (முட்டை சேராத வீட்டுக்கு ஆகாது, அது வேறு விஷயம்.) தாராளமாகத் தின்னுங்கள், அம்மா, உடனே வாய் கொப்பளித்துவிடுங்கள். சர்க்கரை ஈறோரத்தில் தங்கினால்தான் வினை. ஈறு இறங்கிய இடத்தில் வேருக்கு எனாமல் என்னும் கவசம் கிடையாது. சொத்தை விறுவிறுவென்று உள்ளே இறங்கிவிடும். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது.

ஒளிந்திருக்கும் கோளாறைச் சில சமயம் கடல் காட்டிக்கொடுக்கும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ல் கடைசியாக நடந்தது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் மூழ்குகிறார்கள். 33 அடி ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அடைத்த பல்லுக்கடியில் காற்றுச் சிக்கியிருந்தால், அங்கேயே உயிர் போகிற வலி! கரையிலிருக்கும் நமக்கு யார் சொல்வது?

ஒரு மாதம் குத்திய பல் தானாக அடங்கிவிட்டதென்று மகிழாதீர்கள். நரம்பு செத்திருக்கலாம், சொத்தை நிற்காது. கிராம்புத் தைலம் வலியை மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான்.

பல் டாக்டர் எக்ஸ்ரேயில் முதலில் பார்ப்பது, எலும்புக்கு மேலே நல்ல பல் எவ்வளவு மிச்சம் என்றுதான். போதுமான அளவு இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைச் சற்று விலக்கியோ நறுக்கியோ சொத்தையைச் சுரண்டி அடைப்பார். சிலருக்கு எலும்பின் ஓரத்தையும் கொஞ்சம் செதுக்க வேண்டிவரும். நரம்பைத் தொட்டிருந்தால் வேர் சிகிச்சை, அப்புறம் மேலே ஒரு தொப்பி. எலும்புக்குக் கீழே வெகுதூரம் போய்விட்டதா? பிடுங்கத்தான் வேண்டும்.

ஆகவே தினமும் ஒரே இடுக்கில் சோற்றுப் பருக்கை சிக்கினால், "தீபாவளி கழியட்டும்" என்று இருக்காதீர்கள். வலியில்லாவிட்டாலும் டாக்டரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள்.