பக்கத்து அறைக்கும் வழி தெரியாத கணினிகள்



நம் பள்ளிகளில் பாடத்துணைப் பொருள்களும் தேர்வுத்தாள்களும் மாணவர் படைப்புகளும் இன்று இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒரு பகுதி கணினி அறையிலுள்ள வழங்கியில் உள்ளது. மறு பகுதி ‘மேகம்’ எனப்படும், வேறோர் ஊரில் வேறொருவர் கட்டடத்திலுள்ள கணினிகளில் உள்ளது. இவ்விரண்டையும் இணைத்து ஒன்றாகப் பயன்படுத்தும் முறையைக் கலப்பு மேகம் என்பர்.

இதைப் பற்றிப் பேசும்போது இணைய வேகத்தையும் சேமிப்பின் அளவையும் மட்டுமே கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டியது வேறு: வெளி இணைப்பு அறுந்தால், நம் கணினிகள் நம் பொருளை எவ்வாறு கண்டுபிடிக்கும்?

கணினிகளுக்கு முகவரி என்பது எண். நாம் தட்டும் பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ் என்னும் பெயர்ப்பதிவு முறை. இதனை 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்தார். இப்பதிவேடு விடை சொல்லாவிட்டால், பொருள் பத்திரமாக இருந்தும் இல்லாததற்குச் சமம்.

2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது நேர்ந்த பிழையால் நிறுவனத்தின் உள் இணைப்புகள் அறுந்தன. அதன் பெயர்ப்பதிவு வழங்கிகளுக்குச் செல்லும் பாதைகளும் இணையத்திலிருந்து மறைந்தன. பழுதுபார்க்கும் உட்கருவிகள் பலவும் அதே பதிவேட்டை நம்பியிருந்ததால் பொறியாளர்கள் தடுமாறினர். 2025 அக்டோபர் 20, தீபாவளித் திருநாள். அன்று அமேசான் மேகத்தின் வட வர்ஜீனியா நிலையத்தில் ஒரு தரவுத்தளத்திற்குரிய பெயர்ப்பதிவு வெறுமையானது. நாம் பாடப்படங்கள் வரையப் பயன்படுத்தும் கேன்வா உட்படப் பல சேவைகள் தடைப்பட்டன. நமக்கு விடுமுறை என்பதால் வகுப்பறைகள் தப்பின.

அப்படியானால் மேகமே வேண்டா என்பதா? இல்லை. 2021 டிசம்பரில் சிலாங்கூரைத் தாக்கிய வெள்ளத்தை மறந்திருக்க மாட்டோம். கணினி அறைக்குள் தண்ணீர் புகுந்தால், வெளியூரில் இருக்கும் படியே நம்மைக் காக்கும். இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டையும் இணைக்கும் முறையை முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பதே என் கருத்து.

முதலாவது, பாதை. பள்ளிக்கும் மேகத்திற்கும் இடையில் விபிஎன் எனப்படும் மறைகுறியிட்ட சுரங்கப்பாதை தேவை. கண்ணாடி இழை இணைப்போடு, மாற்று வழியாகக் கைப்பேசி வலையமைப்பு வழி இயங்கும் சிறு கருவி ஒன்றும் இருப்பது நன்று.

இரண்டாவது, எண்கள். பள்ளிக்கு ஒரு வரிசை, மேகத்திற்கு வேறு வரிசை என்று தொடக்கத்திலேயே பிரித்து எழுதிவிட வேண்டும. இரண்டு தெருக்களிலும் அதே வீட்டு எண்களும் அதே தெருப்பெயரும் இருந்தால் அஞ்சற்காரர் என்ன செய்வார்?

மூன்றாவது, பெயர்கள். பெரும்பாலான இடங்களில் கணினிகள் எல்லாப் பெயர்களையும் இணையச் சேவை நிறுவனத்தின் பதிவேட்டிடமே கேட்கின்றன. அதனால் வெளி இணைப்பு போனதும் பக்கத்து அறையிலுள்ள வழங்கியைக்கூடக் கண்டுபிடிக்க இயலாமற்போகிறது. இதற்குத் தீர்வு, பள்ளிக்குள்ளேயே ஒரு பெயர்ப்பதிவேட்டை வைப்பதாகும். விலை குறைந்த சிறு கணினியே போதும். இயன்றால் இரண்டு வைக்கலாம். உள்பெயர்களுக்கு அதுவே விடை சொல்லும். மேகத்திலுள்ள பெயர்களைக் கேட்டால் மட்டும், கேள்வியைச் சுரங்கப்பாதை வழியே மேகத்தின் பதிவேட்டுக்கு அனுப்பும்.

ஒரே பெயருக்கு உள்ளே ஒரு விடையும் வெளியே வேறொரு விடையும் தரலாம். தலைமையாசிரியர் எங்கே என்று மாணவன் கேட்டால் மாடியறையைக் காட்டுகிறோம். வெளியூரார் கேட்டால் சாலைப் பெயரையும் அஞ்சற்குறியீட்டையும் சொல்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். பள்ளியில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் மாணவர் ஒரே பெயரைத் தட்டினால் போதும்.

நான்காவது, பொறுப்பு. நான் மிக முதன்மையாகக் கருதுவது இதனையே. பள்ளியின் களப்பெயர் ஓர் ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தால், அவர் மாற்றலாகிப் போனபின் புதுப்பிக்கும் நினைவூட்டல் யாருக்கு வரும்? பெயர் காலாவதியானால் வேறொருவர் அதை வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் பிள்ளைகள் எழுதிய கதைகளுக்கும் கட்டுரைகளுக்கும் செல்லும் வழி அன்றே அடைபடும். ஆகவே களப்பெயர் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். எண் வரிசை, பெயர்ப்பட்டியல், புதுப்பிக்கும் நாள் ஆகியவற்றைத் தாளில் எழுதி அலுவலகத்தில் வைக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே, அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் புதிய கணினிகளுக்கு நிதி கேட்கப்படும்போது தாராளமாகத் தாருங்கள். கூடவே ஒன்றைக் கேளுங்கள்: வெளி இணைப்பை ஒரு மணி நேரம் துண்டித்துவிட்டு, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனைத் தன் கட்டுரையைத் திறக்கச் சொல்லுங்கள். அவனால் திறக்க முடிந்தால் திட்டம் நன்று. முடியாவிட்டால், புதிய கணினிகளுக்கு முன் பதிவேட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்