பையைத் தூக்கியவருக்குப் பெயர் இல்லையா?

இமயமலையில் ஒரு வாரம் நடந்துவிட்டு வருகிறவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறவன் நான். முக்கால்வாசிக் கட்டுரைகளுக்கு ஒரே எலும்புக்கூடுதான். நகரத்து அலுப்பு, காட்மாண்டு, முதல் நாள் மூச்சுவாங்கல், நான்காம் நாள் பனிச்சிகரம், ஏழாம் நாள் ‘இயற்கைக்கு முன்னால் நான் எவ்வளவு சிறியவன்’ என்கிற ஞானம். நடுவில் எங்கேயோ ஒரு வரியில் ஒருவர் வந்துபோவார்: எங்கள் பைகளைச் சுமந்த, எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்த அந்த எளிய மனிதர். அவ்வளவுதான். அவருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, முழங்கால் வலி கிடையாது. சிரிப்பு மட்டும் உண்டு.

அந்த ஒற்றை வரியோடுதான் என் சண்டை. தன்னைக் கண்டடைய மலைக்குப் போனவருக்கு, நாலடி முன்னால் தன் பையோடு போகிறவர் கண்ணில் படவில்லை என்றால், அங்கே அவர் கண்டடைந்ததுதான் என்ன?

நான் நடந்த லாங்டாங் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு வார விடுமுறைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பாதை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஸ்யாப்ருபேசியில் தொடங்கி, 3,870 மீட்டரில் இருக்கும் க்யாஞ்சின் கோம்பா வரை ஏறி இறங்கலாம். வண்டிப் பாதை முடிந்த பிறகு அரிசி, முட்டை, கேஸ் சிலிண்டர், நம்ம ஆட்கள் கேட்கிற மேகி வரைக்கும் எல்லாமே மனிதர் முதுகிலோ கோவேறு கழுதை முதுகிலோதான் மேலே போகும். “ஏறஏற டீ விலையும் ஏறுதே, கொள்ளையடிக்கிறாங்க பாஸ்” என்று விடுதிக்கு விடுதி புலம்பல் கேட்டேன். அந்த விலைக்குள்ளே ஒருத்தருடைய முதுகு இருக்கிறது பாஸ்.

அதே பள்ளத்தாக்கில், 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் பனியும் பாறையும் சரிந்து லாங்டாங் கிராமத்தை மூடிவிட்டன. ஊர்க்காரர்களும் நடக்க வந்தவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் திரும்பிவந்து விடுதிகளைக் கட்டி எழுப்பினார்கள். ‘மனித வாசனையே இல்லாத மௌனம்’ என்று நாம் எழுதுகிற இடம், ஒரு ஊர் புதைந்த இடம்.

போர்ட்டர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: “அவங்களுக்கு அது பழக்கம்.” கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவரைப் பார்த்தும் நாம் இதைத்தான் சொல்கிறோம். சும்மாடு தலையில் ஏறிவிட்டால் கனம் காணாமல் போய்விடும் என்று நினைப்பு. 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. நாம்சே சந்தைக்குச் சரக்குச் சுமக்கும் நேபாள ஆண்கள், சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதத்தைத் தூக்குகிறார்கள் என்றது. முதுகில் டோகோ என்கிற கூடை, அதைத் தாங்க நெற்றியில் நாம்லோ என்கிற பட்டை. இந்தத் திறமையைப் படித்து வியக்கிறோம். வியந்த கையோடு “அப்போ நம்ம பை ஒண்ணும் பெரிய கனமில்லை” என்று முடித்துவிடுகிறோம். இன்னொன்று, எல்லா போர்ட்டரும் ஷெர்பா இல்லை. பலர் தாழ்வான மலைகளின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். மூவாயிரம் மீட்டருக்கு மேலே நமக்கு வருகிற தலைவலியும் வாந்தியும் அவர்களுக்கும் வரும். மாத்திரை மட்டும் நம் பையில் இருக்கும்.

இது பழைய கதைதான். 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றவர்கள் இரண்டு பேர். அந்தக் குழுவின் மூட்டைகளைச் சுமந்தவர்கள் 350க்கும் மேல். அந்த இருவரின் பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்கிறோம். மிச்சப் பேரை எண்ணாக மட்டுமே சொல்ல முடிகிறது, இதோ நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

“அப்போ போகவே கூடாதா? நாம போகலைன்னா அவங்களுக்கு வேலை ஏது?” என்று கேட்பீர்கள். தாராளமாகப் போங்கள். அந்த வருமானம் அங்கே அடுப்பு எரிய வைக்கிறது, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. ஆனால் வேலை கொடுக்கிறேன் என்றால் நீங்கள் முதலாளி. முதலாளிக்கு உள்ள பொறுப்பும் உங்களுடையது. பணம் கட்டும் முன்னாலேயே கேளுங்கள்: ஒருவருக்கு எத்தனை கிலோ? நாள் கூலி அவர் கைக்கு எவ்வளவு போகிறது? காப்பீடு உண்டா? குளிருக்குத் துணியும் நல்ல பூட்ஸும் யார் தருகிறார்கள்? ராத்திரி அவர் எங்கே படுப்பார்? நோய் வந்தால் தனியாகக் கீழே அனுப்பிவிடுவார்களா, கூட ஆள் போகுமா? கிளிமஞ்சாரோவில் ஒரு போர்ட்டருக்கு 20 கிலோ என்று வரம்பு வைத்து எடை போடுகிறார்கள். கேட்கிறவன் இருந்தால் தராசு வரும்.

கேமரா, ட்ரைபாட், மூன்று பவர்பேங்க், வாசிக்கப்போவதாக நம்பும் இரண்டு தடித்த நாவல் என்று அடுக்குவதற்கு முன்னால், அந்தப் பையை நீங்களே மாட்டிக்கொண்டு நாலு மாடி ஏறிப் பாருங்கள். ஏறமுடியாததை எடுத்து வெளியே வையுங்கள்.

கட்டுரையும் எழுதுங்கள். சிகரத்துக்கு இரண்டு பத்தி ஒதுக்கினால், சுமந்தவருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். அவர் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள். என்ன கூலி கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த எண்ணை எழுத உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், பிரச்சினை கட்டுரையில் இல்லை, கூலியில் இருக்கிறது.