குடும்ப நலம்: பெருநாடி வீக்கமும் பரம்பரையும்

“என் அண்ணனுக்கு வயிற்றில் இரத்தக் குழாய் வீங்கி, வெடித்து, இறந்துவிட்டார், வாத்தியாரே. எங்களுக்கும் அது வருமா?” என்று ஒரு மாணவனின் தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி.

இருதயத்திலிருந்து புறப்பட்டு வயிற்றுக்கு இறங்கும் பெரிய இரத்தக் குழாய்தான் பெருநாடி. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் ஏறக்குறைய 2 செண்டிமீட்டர். பழைய சைக்கிள் டியூப்பில் ஓரிடம் நைந்துவிட்டால், காற்றடிக்க அடிக்க அந்த இடம் மட்டும் புடைத்து வரும் அல்லவா? இதுவும் அப்படித்தான். 3 செண்டிமீட்டரைத் தொட்டால் வீக்கம் என்பார்கள். ஆண்களுக்கு 5.5ஐ எட்டினால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை. வெடித்துவிட்டால் பிழைப்பவர் சிலரே.

விஞ்ஞானி ஐன்ஸ்டைனுக்கும் இந்நோய்தான். 1948இல் டாக்டர் ருடால்ஃப் நிஸ்ஸன் அவருடைய குழாயைச் செல்லோஃபேன் தாளால் சுற்றிவைத்தார். இனிப்புப் பொட்டலம் சுற்றும் அதே வகைத் தாள்! அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் அது வெடித்தபோது மறு அறுவைக்கு அவர் சம்மதிக்கவில்லை.

இனி பரம்பரைக்கு வருவோம். குழாய்ச் சுவருக்கு உறுதி தருபவை கொலாஜன், எலாஸ்டின் என்னும் நார்கள். அவற்றை எப்படிச் செய்வது என்ற குறிப்பு நம் மரபணுக்களில் இருக்கிறது. சில குடும்பங்களில் ஒரே மரபணுவின் பிழை போதும். மார்ஃபான் நோய் அப்படிப்பட்டது. ஆனால் அதில் நெஞ்சுப் பகுதிக் குழாயே அதிகம் வீங்கும். எஹ்லர்ஸ்-டான்லோஸ் நோயின் ஒரு வகையில் கொலாஜன் கெடுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இவை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவது பாதிக்குப் பாதி. இவை அபூர்வம்.

பெரும்பாலோருக்குக் காரணம் ஒரு மரபணு அல்ல. ஒவ்வொன்றும் சிறிதளவே தள்ளிவிடும் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. 2008இல் கண்டறிந்த 9ஆம் குரோமோசோமின் ஓரிடம், மாரடைப்புக்கும் தொடர்புள்ள இடம். பெற்றோர், உடன்பிறந்தார் ஒருவருக்கு இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. ஸ்வீடனில் இரட்டையரை ஆராய்ந்தவர்கள், பரம்பரையின் பங்கைச் சுமார் 70 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள்.

அதற்காகத் தலைவிதி என்று உட்கார வேண்டாம். புகைபிடித்தலே இதற்குப் பெரிய தூண்டுகோல். நாடியைப் பலவீனமாய்ப் பெற்றுப் பிறந்தவர் சுருட்டையும் பிடித்தால், நைந்த டியூப்பில் மேலும் காற்றடித்த கதைதான். விநோதம் என்னவென்றால், நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்நோய் குறைவாகவே வருகிறது! தெற்காசிய வம்சாவளியினருக்கும் வெள்ளையரைவிடக் குறைவு. ஆனால் அண்ணனுக்கு வந்துவிட்ட வீட்டில் இதை நம்பி இருக்க முடியாது.

வீக்கம் வளரும்போது பெரும்பாலும் வலிக்காது. ஆகவே அத்தகைய குடும்பத்து ஆண்கள், குறிப்பாக 65ஐ நெருங்குபவர்கள், கிளினிக்கில் குடும்பச் செய்தியைச் சொல்லி வயிற்று ஸ்கேன் கேளுங்கள். ஊசியில்லை, வலியில்லை. சில நிமிடத்தில் முடியும். திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி வந்து தலை சுற்றினால், வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே 999ஐ அழையுங்கள்.