காலுக்கு இடம் குறித்தது யார்?

கொட்டியாரக் குடாவில் அகப்பட்டுக் கிண்ணியாச் சந்தைக்கு வரும் இறாலைக் கோதுடைத்துக் குழம்பிலிடுமுன், ஒரு நிமிடம் உற்று நோக்குதல் நன்று. தலைப்புறத்தில் நீண்ட உணர்கொம்புகள். வாயருகே இரையை நறுக்கும் சிற்றுறுப்புகள். அதன்பின் நடப்பதற்கென ஐந்து சோடிக் கால்கள். வயிற்றுப்புறத்தில் நீந்துவதற்கென வேறு ஐந்து சோடி. ஈற்றில் விசிறி போன்ற வால். வளையத்தின்பின் வளையமாய் அமைந்த உடலில், ஒவ்வொரு வளையமும் தனக்குரிய உறுப்பையே பெற்றிருக்கின்றது. கொம்பிருக்க வேண்டிய இடத்திற் கால் முளைத்த இறாலைக் காண்பது அரிதினும் அரிது. இடம் மாறாமல் இவற்றை வைத்தது யாது?

இவ்வினா இறாலுக்கு மட்டும் உரியதன்று. தாயின் கருவறையில் ஒரே கலமாய்த் தொடங்கும் சிசு, பிரிந்து பெருகிப் பல கோடிக் கலங்களாகின்றது. ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் இருப்பது ஒரே பரம்பரைச் செய்திதான். விரல் நுனியிலுள்ள கலமும் விழியிலுள்ள கலமும் ஒரே நூலின் பிரதியை வைத்துக்கொண்டு, வெவ்வேறு பக்கத்தைப் படிக்கின்றன. எந்த இடத்தில் எப்பக்கத்தைப் படிப்பது என்று சொல்லிக்கொடுப்பது எது என்பதே கேள்வி.

இடம் மாறி முளைத்த உறுப்புகளை முதலில் முறையாகத் தொகுத்து, 1894ஆம் ஆண்டில் நூலாக்கியவர் வில்லியம் பேற்சன் என்னும் ஆங்கில அறிஞர். பின்னர், வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு பழ ஈ இவ்வாராய்ச்சிக்குக் கைகொடுத்தது. இரண்டு இறக்கைகளே உடைய அவ்வீயில் நான்கு இறக்கைகள் தோன்றுமாறு செய்து காட்டினார் கலிபோர்னியாவின் எட்வேர்ட் லூயிஸ். வேறொரு வகை ஈயில், கொம்புகளுக்குப் பதிலாகத் தலையிலிருந்து கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன! பரம்பரையலகு ஒன்றிற் பிழை நேர்ந்தால் இத்தகைய இடமாற்றம் நிகழ்கின்றது என்பது தெளிவாயிற்று. 1983, 1984ஆம் ஆண்டுகளில், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் வோல்ட்டர் கெரிங்கின் குழுவினரும், அமெரிக்காவின் இந்தியானாவில் மத்தியூ ஸ்கொட் முதலியோரும், இப்பரம்பரையலகுகள் பலவற்றில் ஒரே மாதிரியான சிறு பகுதி ஒன்று இருத்தலைத் தனித்தனியே கண்டனர். அதன் நீளம் 180 எழுத்துக்கள். அதற்கு ஹோமியோபொக்ஸ் எனப் பெயரிட்டனர்.

அந்த 180 எழுத்துக்களும் 60 அமினோ அமிலங்களாலான ஒரு புரதப் பகுதியைச் செய்விக்கின்றன. அது பிற பரம்பரையலகுகளைப் பற்றிப்பிடித்து, சிலவற்றை இயங்கச் செய்கின்றது. சிலவற்றை அடக்கி வைக்கின்றது. கிராமத்து விதானையார் தாமே மண்வெட்டி பிடித்துக் குளக்கட்டைக் கட்டுவதில்லை. இன்னார் இன்ன இடத்தில் வேலை செய்க என்று ஆணையிடுவார் அல்லவா? அத்தொழிலே இதன் தொழிலும். மனிதனிடத்தில் தலை முதல் அடிவரை இடங்குறிக்கும் இவ்வகை அலகுகள் 39 உள. நான்கு தொகுதிகளாய், நூலிற் கோத்த மணிகள் போல் வரிசையாய் உள்ளன. அவ்வரிசையும் உடலில் அவை பணிபுரியும் வரிசையும் ஒன்றாயிருத்தலை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது. இறாலுக்கு உறவான ஒரு சிற்றுயிரில் இவற்றுளொன்றைச் சிதைத்தபோது, நீந்தும் கால்களுக்குரிய இடத்தில் நடக்கும் கால்கள் முளைத்ததை 2016இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினர்.

நமக்கு அண்மையில் நடந்த கதையொன்றும் உண்டு. மழைக்காலத்தில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, பலூன் போல உடல் உப்பி நிற்கும் ஒரு தவளை இந்தியாவிலும் நம் இலங்கையின் வரண்ட வலயத்திலும் வாழ்கின்றது. புவனேசுவரத்து உற்கல சர்வகலாசாலையிலே பிரியம்பதா மொகந்தி ஹெஜ்மாடி என்னும் அம்மையார் (இவர் ஒடிசி நடனத்திலும் புகழ் பெற்றவர்) தம் துணைவர்களுடன் இத்தவளையின் வாற்பேத்தைகளை ஆராய்ந்தார். வாற்பேத்தையின் வாலை நறுக்கிவிட்டால் அது மீண்டும் வளரும். இது பழைய செய்தி. ஆனால் நறுக்கியபின் விற்றமின் ஏ கலந்த நீரில் விட்டு வைத்தபோது, வாலிருந்த இடத்தில் வால் வளரவில்லை. பின்னங்கால்கள் முளைத்தன! ஒன்றிரண்டல்ல, பல, அவற்றைத் தாங்கும் இடுப்பெலும்போடும்கூட. 1992இல் 'நேச்சர்' இதழில் இச்செய்தி வெளிவந்தபோது உலகம் திகைத்தது. முதுகெலும்புள்ள பிராணியில் ஓர் உறுப்பு இவ்வாறு முழுதும் மற்றோர் உறுப்பாய் மாறியதை அதற்குமுன் எவர் கண்டார்?

விற்றமின் ஏ உடலில் ரெட்டினோயிக் அமிலமாக மாறி, இடங்குறிக்கும் பரம்பரையலகுகளை ஏவும் ஆற்றல் பெறுகின்றது. அளவோடிருந்தால் சிசு செவ்வனே உருவாகும். மிகுந்தால் ஆணைகள் குழம்பும். நம் குடும்பங்களுக்கு இது வெறும் தவளைக் கதையன்று. கடுமையான முகப்பருவுக்கு வைத்தியர் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை இவ்வினத்தைச் சேர்ந்தது. 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அதனைக் கர்ப்பகாலத்தில் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகள் சிலர் காது, இருதயம், மூளை ஆகியவற்றிற் குறைபாட்டுடன் பிறந்தமை 1985இல் வெளியான ஆய்வொன்றில் விரிவாகப் பதிவாயிற்று. சிசுவின் இருதயம் ஏறக்குறைய இருபத்திரண்டாம் நாளில் துடிக்கத் தொடங்குகின்றது. அப்போது தாய்க்குத் தான் கருவுற்றதே தெரிந்திராது. ஆகையால் அம்மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழியும்வரை கருத்தரிக்கலாகாது என்பது வைத்திய விதி. தோழியின் மாத்திரையை வாங்கி விழுங்கும் மாணவியர் இதனை அறிதல் வேண்டும். சுறா ஈரலெண்ணெயும் விற்றமின் ஏ நிறைந்தது. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாது அதனை அருந்தலாகாது. முருங்கைக் கீரையையும் பூசணியையும் அஞ்ச வேண்டியதில்லை. அவற்றிலுள்ள கரோட்டினை உடல் தனக்கு வேண்டிய அளவே மாற்றிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குறையோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், கிரகணத்தில் வெளியே போனாள், பார்க்கத் தகாததைப் பார்த்தாள் என்று பெற்றவளையே பழிக்கும் வழக்கம் இன்னும் நம்மிடம் அற்றுப்போகவில்லை. ஈயின் இருதயத்தை அமைக்கும் ஹோமியோபொக்ஸ் அலகு ஒன்றுண்டு. அது கெட்டால் ஈக்கு இருதயமே உண்டாவதில்லை. அதன் உறவான அலகு மனிதனிடத்திற் பழுதடையும்போது, இருதய அறைகளுக்கிடையே துவாரத்துடன் குழந்தைகள் பிறத்தலை 1998இல் சில குடும்பங்களிற் கண்டறிந்தனர். இருதயத் துவாரம் யாவற்றுக்கும் அதுவே காரணமன்று. அப்பழுது தாயிடமிருந்து வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம், இருவரிடமும் இல்லாமற் புதிதாகவும் தோன்றலாம்.