புதிய சிப்பந்தியும் கடிகாரமும்

பொழுது விடியுமுன் மறைமலைநகர் ரயில் நிலையத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி நாள் தவறாமல் கிடைக்கும். மின்சார ரயில் நின்றதும், சோற்றுப் பாத்திரப் பையைத் தோளில் மாட்டிய இளைஞரும் இளம்பெண்களும் ஓட்டமும் நடையுமாக வெளியேறித் தொழிற்பேட்டையின் வாயில்களை நோக்கி விரைவார்கள். மறைமலையடிகளின் பெயரால், சென்னையின் நெருக்கத்தைத் தணிக்கும் துணைநகராகத் திட்டமிடப்பெற்ற ஊர் இது. அங்கு ஓடுகிறவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். மதுராந்தகம், உத்திரமேரூர், திருக்கழுக்குன்றம் பக்கங்களில் ஏர் பிடித்தவர்களும் தறியில் அமர்ந்தவர்களும் பெற்று வளர்த்த மக்கள்.

இவர்களுள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் நிரம்பாத ஒருவன், ஒரு நாள் இருபது நிமிஷம் பிந்தி வருகிறான். அவனை என்ன செய்வது? வாயிற்கதவைச் சாத்துவதா, கூலியைப் பிடிப்பதா, கண்டும் காணாததுபோல் இருப்பதா? இது முதலாளிமார் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று அங்கத்தினர்கள் எண்ணலாகாது. நாமும் முதலாளிகளே. நூல் கிடங்கிலும், உரக் கிடங்கிலும், விற்பனை நிலையத்திலும், நியாய விலைக் கடையிலும் சிப்பந்திகளை அமர்த்திச் சம்பளம் கொடுப்பது சங்கம். அச்சங்கத்தின் சொந்தக்காரர்கள் நாம். ஆகவே, இக்கேள்வி நம் நிர்வாகக் குழுவின் மேஜைமீதும் அடிக்கடி வந்து விழுகிறது.

நம் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் அண்மையில் நடந்ததைப் பெயர் சுட்டாமல் இங்கே குறிப்பிடுகிறோம். நூல் கிடங்கில் இருப்புக் கணக்கு எழுத ஓர் இளம்பெண்ணை நியமித்தார்கள். நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். கணக்கில் பிழை விடாதவர். ஆறு வாரங்களில் ஐந்து நாட்கள் அவர் அரை மணி நேரம்வரை பிந்தி வந்தார். புகார் நிர்வாகக் குழுவுக்கு வந்தது. "ஆரம்பத்திலேயே இப்படியென்றால் பின்னர் எப்படியோ? இப்போதே நிறுத்திவிடுவது நல்லது" என்றார் ஒருவர். "ஏழைக் குடும்பம், விட்டுவிடுங்கள்" என்றார் மற்றொருவர். ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. இறுதியில், அதுவரை வாய் திறவாதிருந்த மூத்த அங்கத்தினர் ஒருவர், "ஏன் பிந்துகிறாய் என்று அந்தப் பெண்ணை யாராவது கேட்டீர்களா?" என்றார். ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

அழைத்துக் கேட்டார்கள். நியமன உத்தரவில் வேலை நேரம் குறிக்கப்பெறவில்லை. செயலாளர் ஒன்பது மணி என்றாராம். காவலாளி ஒன்பதரைக்குத்தான் கதவைத் திறப்பது வழக்கம் என்றாராம். அவருடைய கிராமத்திலிருந்து காலையில் இரண்டு பஸ்கள். முதல் பஸ்ஸில் வந்தால் நேரத்துக்கு வரலாம். ஆனால் விடியற்காலையில் தந்தையின் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்துவிட்டே அவர் புறப்படுகிறார். தார் இல்லையேல் தறி நிற்கும். ஆகவே இரண்டாவது பஸ். அது பிந்தும் நாட்களில் அவரும் பிந்துகிறார். அந்தத் தறிக்குப் பாவும் ஊடையும் கொடுப்பது அதே சங்கம்தான் என்பதை அப்போதுதான் குழுவினர் நினைத்துப் பார்த்தார்கள்!

முடிவு எளிதாயிற்று. வேலை நேரம் ஒன்பது மணி என்று எழுதிக் கொடுத்தார்கள். தாரை இரவிலேயே சுற்றி வைத்து முதல் பஸ்ஸில் வருவதாக அவர் ஒப்புக்கொண்டார். ஒரு மாதம் கழித்து மீண்டும் பார்ப்பதென்று தீர்மானித்தார்கள். அம்மாதத்தில் அவர் பிந்தியது ஒரே நாள். அன்றைய அரை மணிக்குரிய சம்பளத்தைப் பிடித்தார்கள். அவர் வருந்தவில்லை. ஏனெனில், விதி இன்னது என்பது அவருக்கு முன்னரே தெரிந்திருந்தது.

இந்நிகழ்ச்சியில் முதலிருவர் கூறிய இரு யோசனைகளும் தவறானவை என்பதே நம் கருத்து. கேளாமல் நீக்குவது அநீதி என்பதை எவரும் எளிதில் ஒப்புவர். கண்டுகொள்ளாமல் விடுவதும் அநீதியே என்பதைப் பலர் உணர்வதில்லை. கிடங்கு அரை மணி பிந்தித் திறந்தால், நூலுக்காக வாயிலில் நிற்கும் பத்து நெசவாளர்களின் தறிகள் அரை மணி சும்மா கிடக்கும். யூரியா வாங்க வந்த உழவர் காத்துக் கிடந்தால், ஏரிப் பாசனத்தில் அவருக்குரிய நீர்முறை கடந்துவிடும். சிப்பந்திக்குக் காட்டும் இரக்கத்தின் செலவை அங்கத்தினர் தலையில் சுமத்துவது இரக்கமாகாது. அன்றியும், நாள்தோறும் நேரத்துக்கு வரும் மற்றச் சிப்பந்திகள், "நாம் மட்டும் ஏன் ஓடி வரவேண்டும்?" என்று எண்ணத் தொடங்குவார்கள்.

நெசவாளரும் உழவரும் நேரத்தின் அருமை அறியாதவர்கள் என்று சிலர் பேசுவதுண்டு. இது வீண் பழி. தெருவில் பாவை நீட்டிப் பசையிடும் நாளில், வெயில் ஏறுமுன் அத்தனை கைகளும் வந்து சேர வேண்டும். ஒருவர் பிந்தினால் பாவு முழுவதும் காத்திருக்கும். நாற்றைப் பறித்துவிட்டால் நடவு நாளைக்கு என்று தள்ளிப் போடுவதற்கில்லை. நேரம் தவறாமை நம் தொழிலிலேயே ஊறியது. ஆனால் அது வேலை இடும் நேரம்; கடிகாரம் இடும் நேரமன்று. தறிக்காரன் ஒரு மணி பிந்தி உட்கார்ந்தால் விளக்கு வைத்தபின் ஒரு மணி கூட நெய்து ஈடு செய்வான். ஆலையில் அது செல்லாது. ஒருவன் வராதவரை அவனுக்கு முன் முறை பார்த்தவன் இடத்தைவிட்டு நகர இயலாது. இவ்வேற்றுமையைப் புதிதாக வருபவனுக்கு எடுத்துச் சொல்வது வேலை கொடுப்பவரின் கடமை. முதற்சில வாரங்கள் அவனுக்கு மட்டும் சோதனைக் காலமன்று. வேலை கொடுப்பவருக்கும் சோதனைக் காலமே.

சட்டமும் இவ்வழியிலேயே செல்கிறது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், வேலைக்கு வராத நேரத்துக்கு மேற்பட்டு ஒருவர் சம்பளத்தில் பிடித்தல் கூடாது என்று வகுத்தது. எட்டு மணி நேர வேலைக்கு நாட்கூலி ரூ. 560 என்றால், அரை மணி பிந்தியவரிடம் பிடிக்கத் தக்கது ரூ. 35 மட்டுமே, அரை நாள் கூலியன்று. தனியே அபராதம் விதிப்பதாயின், எவ்வெக் குற்றங்களுக்கு அபராதம் என்பதை முன்னரே அறிவித்திருக்க வேண்டும். விதிக்குமுன் காரணம் கூற வாய்ப்பளிக்க வேண்டும். அம்மாத அபராதம் மொத்தச் சம்பளத்தில் 100க்கு 3 பங்கை மிஞ்சலாகாது. 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதிகள் இடம்பெற்றுள்ளன. ஆலைகளுக்கென 1946ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற மாதிரி நிலையாணைகளோ, பிந்தி வருதலை அன்றி, பிந்தி வருவதை வழக்கமாகக் கொள்ளுதலையே நன்னடத்தை மீறலாகக் குறித்தன. வழக்கம் என்ற அச்சொல்லில் நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இரண்டு நாள் தாமதம் வழக்கமாகாது. சங்கச் சிப்பந்திகளுக்குத் தனித்த பணிவிதிகள் உண்டெனினும், நியாயம் யாவர்க்கும் ஒன்றே.

நேரத்தை வைத்துத் தொழிலாளரை இறுக்கியதன் விளைவைச் சென்னை மாநகரம் நூறாண்டுகளுக்கு முன்னரே கண்டது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அந்நாளில் எடுத்துரைத்த முதற்குறைகளுள் ஒன்று, பகலுணவுக்கு விட்ட அரை மணி இடைவேளை போதவில்லை என்பது. கை கழுவி, உண்டு, மீண்டும் இயந்திரத்தருகே வந்து நிற்க அந்நேரம் போதாதென்று அவர்கள் முறையிட்டார்கள். செவி சாய்ப்பார் இல்லாதபோது, பி. பி. வாடியா அவர்களும், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த திரு. வி. க. அவர்களும், செல்வபதி செட்டியார் முதலியோரும் துணை நிற்க, 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. சில நிமிஷங்களைப் பற்றிய முறையீட்டைப் பொறுமையாகக் கேட்க மறுப்பவர்கள், பின்னர் பல மாதப் பூசலைக் கேட்க நேரும் என்பதே இதன் படிப்பினை.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி என்று நாம் போற்றும் ராபர்ட் ஓவன், 1800ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து நியூ லானார்க் நூற்பாலையின் நிர்வாகத்தை ஏற்றார். தொழிலாளி ஒவ்வொருவர் அருகிலும் நான்கு பக்கமும் நான்கு வர்ணம் பூசிய ஒரு சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். முன்னாள் நடத்தைக்கு ஏற்பக் கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை ஆகியவற்றில் ஒன்று முன்பக்கம் தெரியும். அவ்வழியே நடக்கும்போது ஓவன் கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஒரு சொல்லும் கூற மாட்டார். மேற்பார்வையாளர் தவறாக மதிப்பிட்டதாகக் கருதுபவர் அவரிடமே நேரில் முறையிடலாம். அக்கட்டையை நம் சங்கங்களில் தொங்கவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. நாலுபேர் பார்க்கக் குறையைத் தொங்கவிடுவது நம்மவர் மனத்துக்கு ஒவ்வாது. ஏசாமலும் அடிக்காமலும் ஒழுங்கை நிலைநாட்டலாம் என்பதையும், முறையிடும் வழி திறந்திருக்க வேண்டும் என்பதையும் அவரிடம் கற்கலாம்.

ஆகவே, நம் சங்க நிர்வாகிகளுக்கு நாம் வற்புறுத்துவது இதுவே. நியமன உத்தரவிலேயே வேலை நேரத்தை எழுதுங்கள். அந்நேரத்துக்குக் காவலாளி முதல் செயலாளர் வரை யாவரும் கட்டுப்படுங்கள். செயலாளர் பத்து மணிக்கு வரும் அலுவலகத்தில் எழுத்தர் ஒன்பது மணிக்கு வரமாட்டார். முதல் முறை பிந்தினால், தனியே அழைத்துக் காரணம் கேளுங்கள்; அங்கத்தினர் முன்னிலையில் கேளாதீர்கள். பஸ்ஸா, வீட்டில் நோயாளியா, குழந்தையா, சோம்பலா என்று அறிந்தால்தான் பரிகாரம் சொல்ல முடியும். நேரத்தைச் சிறிது மாற்றி உதவக்கூடுமாயின் உதவுங்கள். கூடாதாயின் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். மறுமுறை பிந்தினால், சென்ற நேரத்துக்குரிய சம்பளத்தை மட்டும் பிடித்து, எழுத்தில் நினைவூட்டுங்கள். அதன்பின்னும் வழக்கமாகத் தொடர்ந்தால், விதிப்படி நடவடிக்கை எடுக்கத் தயங்காதீர்கள். கேட்பதற்குமுன் தண்டிக்க வேண்டாம். கேட்டபின் நெகிழ வேண்டாம்.

இறுதியாக ஒன்று. தாமதம் தொழிலாளிக்கு மட்டும் உரிய குற்றமன்று. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஒன்பது மணிக்கு வராத எழுத்தரைக் கடியும் நாம், அவருடைய சம்பளத்தை 15ஆம் தேதிக்குக் கொடுக்கலாமா? புடைவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்த நெசவாளரைக் கூலிக்காக வாரக் கணக்கில் நடக்கவிடலாமா? நெல்லை அளந்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் உழவருக்கு, "இன்னும் வரவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லும் வாய், சிப்பந்தியிடம் நேரத்தைப் பற்றிப் பேசும்போது தடுமாறாதா?

கடிகாரம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், சிப்பந்திகளின் வருகைப் பதிவேட்டுடன் சம்பளம், கூலி ஆகியவற்றின் பட்டுவாடாப் பதிவேட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்குமாறு அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். இரண்டிலும் தேதியும் நேரமும் சரியாயிருக்கும் சங்கத்தில், புதிதாக வரும் பிள்ளைகளும் தாமாகவே நேரத்துக்கு வரப் பழகுவார்கள்.